மேட்டூர் மூடிய பிறகு வாட்டர் பார்க்: டெல்டாவில் வறட்சிக் கோடையை ஓட்டும் வழி

டெல்டாவில் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டம் வருவது ஏப்ரலிலும் மேயிலும்தான். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். ஆக, மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் நம் சீசன் ஆறு காய்ந்து கிடக்கும் நாலரை மாதத்துக்குள்தான் வந்து விழுகிறது. வறட்சி என்றால் அந்த நாலரை மாதம் இரண்டு பக்கமும் நீண்டுவிடும். 2023-இல் பாசனத் திறப்பு அக்டோபரிலேயே நின்றது. அடுத்த பாசனப் பருவத்துக்கு 2024 ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓடும் தண்ணீர் ஊறித்தான் டெல்டாவின் மேல்மட்டப் போர்கள் (ஆழ்துளைக் கிணறுகள்) நிரம்புகின்றன. எனவே கோடைக்கான முடிவை ஏப்ரலில் எடுத்தால் அது முடிவே இல்லை, அவசரம்தான். பொங்கல் முடிந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட வேண்டும்.

முதலில் போர் என்ன தரும் என்று பாருங்கள்

மோட்டார் குதிரைத்திறனை வைத்துத் தண்ணீரைக் கணக்கிடாதீர்கள். மோட்டாரை ஓர் இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் கயிறும் எடையும் விட்டு நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடவிட்டு, 200 லிட்டர் பேரல் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 6,000 லிட்டர். ஆறு மணி நேரம் விடாமல் ஓடிய பிறகு அதே பேரலை மறுபடி பிடியுங்கள். இப்போது இரண்டரை நிமிடம் ஆனால் மணிக்கு 4,800 லிட்டர். கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் 38,400 லிட்டர். ஜனவரியில் அளந்தது மே மாதத்தில் அப்படியே இருக்காது. வறட்சி ஆண்டில் கால் பங்கையாவது கழியுங்கள். மிஞ்சுவது ஏறக்குறைய 29,000 லிட்டர். இதுதான் உங்கள் கையில் இருக்கும் தண்ணீர்.

கூடவே தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைத் தானாக நிறுத்தும் டிரை ரன் பிரிவென்டர் வேலை செய்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள். மட்டம் இறங்கி, மோட்டார் காற்றை இழுத்தபடி ஓடினால் சீக்கிரமே காயில் போய்விடும். சீசன் நடுவில் போரிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்க ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு

2,000 சதுர மீட்டர் நீர்ப்பரப்பும் (வேவ் பூல் எனும் அலைக்குளம் 900, லேசி ரிவர் எனும் மிதந்து செல்லும் ஓடை 600, ஸ்லைடு குளங்கள் 300, குழந்தைகள் குளம் 200) நாளைக்கு 600 பேரும் உள்ள நடுத்தரப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரி தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

- ஆவியாதல்: ஏப்ரல், மே வெயிலில் நாளைக்கு 6 முதல் 8 மி.மீ. 7 என்று வைத்தால் 14,000 லிட்டர்.
- பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது): 1.2 மீட்டர் விட்டமுள்ள மணல் ஃபில்டர் ஒன்றை 5 நிமிடம் கழுவ ஏறக்குறைய 3,800 லிட்டர். நான்கு ஃபில்டரைத் தினமும் கழுவினால் 15,200.
- ஷவர்: நிமிடத்துக்கு 12 லிட்டர், ஆளுக்கு 5 நிமிடம். 600 பேருக்கு 36,000.
- கழிப்பறை: ஆளுக்கு இரண்டு முறை, முறைக்கு 10 லிட்டர். 12,000.
- புல்வெளி: 2,000 சதுர மீட்டருக்கு 5 மி.மீ. 10,000.
- கசிவு: வெறும் 2 மி.மீ. என்றாலும் 4,000.

மொத்தம் 91,200 லிட்டர். போர் தரப்போவது 29,000.

எண்களை மறுபடி பாருங்கள். எல்லோரும் பயப்படுவது திறந்த குளத்தைப் பார்த்து. ஆனால் அதைப்போல இரண்டரை மடங்கை ஷவர் குடிக்கிறது. வேவ் பூலை மூடலாமா என்று யோசிக்கும் முன் குளியலறைக் குழாய்களைப் பார்ப்பதுதான் முறை.

குளத்துக்கு வெளியே குறைப்பது

அழுத்தினால் 20, 30 விநாடி ஓடித் தானாக நிற்கும் புஷ் டாப் ஷவரும், நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் தலையும் போடுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 18 லிட்டர். 600 பேருக்கு 10,800. நாளைக்கு 25,000 லிட்டர் மிச்சம். செலவு பார்த்தால் இதைவிட மலிவான வேலை பூங்காவில் வேறில்லை.

ஆனால் ஷவரை எடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் ஊரில் தலைக்குத் தேங்காய் எண்ணெய், முகத்துக்கு மஞ்சள், உடம்பில் வியர்வை, பருத்திச் சுடிதார் என்று அப்படியே தண்ணீரில் இறங்குகிறார்கள். எண்ணெய் ஃபில்டர் மணலில் ஒட்டி உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். பருத்தி நூல் ஸ்ட்ரெய்னர் கூடையை அடைக்கும். சாயம் வேறு கலக்கும். பிறகு பேக்வாஷ் இரட்டிப்பாகும், குளோரின் வியர்வையோடு சண்டை போட்டே தீர்ந்துபோகும். குளத்தில் இறங்கும் முன் ஒரு நிமிடக் குளியலுக்கு ஆகும் 6 லிட்டர், உள்ளே அதைவிட அதிகத்தைக் காப்பாற்றுகிறது. நைலான் உடை, தலைக்குத் தொப்பி என்ற விதியை வறட்சி ஆண்டிலாவது கண்டிப்பாக்குங்கள். வாசலில் வாடகைக்கு உடை வையுங்கள். இல்லாவிட்டால் விதி பலகையில் மட்டும்தான் இருக்கும்.

பேக்வாஷ் நீரை வடிகாலில் விடாமல் ஒரு தொட்டியில் பிடித்து ஒரு நாள் தெளியவிடுங்கள். குளோரினும் அடங்கிவிடும். மேலே தெளிந்ததைத் தனிக் குழாயில் ஃபிளஷ் டேங்குக்குக் கொண்டுபோகலாம். இரட்டைப் பொத்தான் ஃபிளஷ் போட்டால் 600 பேருக்கு 5,400 லிட்டர் போதும். அது முழுவதும் இந்தத் தொட்டியிலிருந்தே வந்துவிடும். மீதியைத் தென்னைக்கும் சவுக்குக்கும் விடலாம், இரண்டும் உப்பைத் தாங்கும். குரோட்டன்ஸுக்கு விட்டால் இலை நுனி கருகும். புல்வெளியைக் காயவிடுங்கள். அருகம்புல்லாக இருந்தால் முதல் மழையிலேயே தழைத்துவிடும். அலங்காரப் புல் என்றால் இந்த ஆண்டு அதை மறந்துவிடுவது நல்லது. தெளிந்த நீராகவே இருந்தாலும் பக்கத்து வயல் வாய்க்காலில் விடக்கூடாது. அதில் உப்பு இருக்கிறது. நாற்றங்கால் கருகினால் பழி உங்கள் மேல்தான் வரும், நியாயமாகவே.

கசிவு

குளத்து மட்டத்தைச் சமன்செய்யும் பேலன்சிங் டேங்கில் மிதவை வால்வு இருக்கும் வரை கசிவு கண்ணுக்குத் தெரியாது. குறையக் குறைய அது சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால் நிரப்பும் குழாயில் முதலில் ஒரு மீட்டர் மாட்டி, தினமும் ஒரே நேரத்தில் எண்ணை எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் வாளிச் சோதனை செய்யலாம். பூங்கா மூடியிருக்கும் நாளில் பம்புகளை நிறுத்தி, மிதவை வால்வை அடைத்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் கல் போட்டுக் குளத்தின் படியில் வையுங்கள். வாளிக்குள் தண்ணீர் குளத்து மட்டத்துக்கே இருக்கட்டும். 24 மணி நேரம் கழித்து இரண்டையும் அளந்தால், வாளியில் இறங்கியது ஆவி. குளத்தில் அதற்கு மேல் இறங்கியது கசிவு. மறுநாள் பம்பை ஓடவிட்டு இதையே செய்யுங்கள். பம்பு ஓடும்போது அதிகம் இறங்கினால் அழுத்தக் குழாயில் கோளாறு. இரண்டு நாளும் ஒரே அளவு என்றால் தொட்டிச் சுவரிலோ தரையிலோ.

இடத்தைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கேசரி பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஊசி போடும் சிரிஞ்சில் ஏற்றி, பம்பை நிறுத்திய அசையாத தண்ணீரில் சந்தேகப்படும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி மெதுவாக விடுங்கள். கசிவு இருந்தால் ஆரஞ்சு நூலாக உள்ளே இழுக்கும். தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன் வாய்கள், அடிவடிகால் சட்டம், நீருக்கடி விளக்கின் வயர்க் குழாய், ஸ்லைடு வந்து இறங்கும் இடத்து இணைப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

பலர் தவறவிடும் கசிவு ஒன்று உண்டு. ஃபில்டர், பேக்வாஷ் என்று தண்ணீரைத் திருப்பும் மல்டிபோர்ட் வால்வுக்குள் இருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் (ரப்பர் அடைப்பு) தேய்ந்துவிட்டால், கைப்பிடி ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே தண்ணீர் பேக்வாஷ் குழாய் வழியாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயின் வெளிமுனை எப்போதும் ஈரமாக, அடியில் பாசி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், கேஸ்கெட்தான்.

வறட்சியில் கசிவு ஏன் புதிதாக முளைக்கிறது என்றால், மண்தான் காரணம். டெல்டாவின் கனமான களிமண் காயும்போது சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். குளத்தின் ஒரு பக்கம் புல்லுக்குப் பாய்ச்சிய ஈரம், மறுபக்கம் கார் நிறுத்தும் பொட்டல் என்றால் இரண்டு பக்கமும் சமமாக இறங்காது; பி.வி.சி. இணைப்பு அங்கேதான் பிளக்கும். குளத்தைச் சுற்றியுள்ள தளத்தின் வெளி ஓரத்தில் ஒரு சொட்டுக் குழாய் ஓட்டி, தெளிந்த பேக்வாஷ் நீரை நாலு பக்கமும் சீராக விடுங்கள். மண் நனைய வேண்டாம், வெடிக்காமல் இருந்தால் போதும். தள இணைப்புகளில் சீலன்ட் பிரிந்திருந்தால் பிப்ரவரிக்குள் அடைத்துவிடுங்கள்.

குளத்துக்குள் எதைக் குறைக்கலாம், எதைக் கூடாது

ஆவியைக் குறைக்க இரவில் மூடுவிரிப்பு போடலாம். ஸ்லைடு குளத்துக்கும் குழந்தைகள் குளத்துக்கும் எளிது. லேசி ரிவருக்கு மூன்று மூன்று மீட்டர் துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும். கூடவே ஆள் இல்லாத நேரத்தில் அருவி, காளான் குடை, நீரூற்று எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தெளிக்கும் தண்ணீர்தான் காற்றில் வேகமாகப் போகும். காற்று எழும்பும் பிற்பகலில் செயற்கை மழையில் ஆடும் ரெயின் டான்ஸை நடத்தினால் பாதி பக்கத்துத் தோட்டத்தில்தான் பெய்யும். நடத்துவதென்றால் மாலையில், சொட்டு பெரிதாக விழும் நாசிலோடு, விழுந்த தண்ணீர் சம்புக்குத் திரும்பி, வடிகட்டப்பட்டு, குளோரின் ஏறி வரும்படி. போரிலிருந்து நேராக எடுத்து வடிகாலில் விடும் ரெயின் டான்ஸை வறட்சி ஆண்டில் நடத்தவே கூடாது. இவையெல்லாம் சேர்ந்து 14,000-ஐ 10,000 ஆக்கலாம்.

பேக்வாஷை நாள் கணக்கில் செய்யாதீர்கள், அழுத்தமானியைப் பாருங்கள். கழுவிய உடன் இருந்த அழுத்தத்தைவிட 0.5 முதல் 0.7 பார் ஏறினால் கழுவுங்கள். குழாயிலுள்ள சைட் கிளாஸ் கண்ணாடியில் கலங்கல் தெளிந்ததும் நிறுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் ஓடவிட்டால் பிற்பாதி முழுவதும் நல்ல தண்ணீர். சற்று அழுக்கேறிய மணல்தான் நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். பேக்வாஷைக் குறைத்தால் குளத்துக்குப் புதுத் தண்ணீர் வருவதும் குறைகிறது. ஆவியாகிப் போனதை ஈடுகட்ட ஊற்றுவது புதுத் தண்ணீராகாது. தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, உப்பும் யூரியாவும் தங்கிவிடுகின்றன. ஐரோப்பியத் தரநிலைகள் குளிப்பவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் புதுநீர் மாற்றச் சொல்கின்றன. 600 பேருக்கு 18,000. இந்த எண்ணில் கை வைக்காதீர்கள். தேவைப்பட்டால் ஆளைக் குறையுங்கள். கழிப்பறையும் புல்லும் கசிவும் கணக்கிலிருந்து போய்விட்டன. இப்போது கணக்கு: ஆவி 10,000, புதுநீர் 18,000 (பேக்வாஷ் இதற்குள் அடங்கும்), ஷவர் 10,800. மொத்தம் 38,800. 91,000 இருந்த இடத்தில் இது பெரிய குறைவுதான், ஆனாலும் 29,000-த்துக்குள் வரவில்லை. 350 பேருக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தால் புதுநீர் 10,500, ஷவர் 6,300, ஆவி அதே 10,000, ஆக 26,800. அடங்கிவிடும். முன்பதிவு டிக்கெட்டும் கொஞ்சம் கூடுதல் விலையும் வைத்து இதைச் சமாளிக்கலாம். கூட்டத்தை விட்டுவிட மனம் வராமல் 600 பேரை இறக்கினால், மூன்றாம் வாரம் கண் எரிகிறது என்று புகார் வரும்.

அந்தக் கண் எரிச்சலைப் பலர் குளோரின் அதிகம் என்று நினைத்துக் குறைக்கிறார்கள். உண்மையில் அது வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து வீணான குளோரின். மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு மருந்தில் நல்ல குளோரினும் வீணானதும் கலந்துதான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டும் டி.பி.டி. கிட் வாங்குங்கள். தனிக் (நல்ல) குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பி.எச். 7.2 முதல் 7.8, சேர்ந்த (வீணான) குளோரின் 0.5-க்கு மேல் போனால் புதுநீரைக் கூட்ட வேண்டும்.

வறட்சி ஆண்டில் டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மாத்திரையைக் கைவிடுவது நல்லது. 15 லட்சம் லிட்டர் குளத்துக்கு நாளைக்கு 3 பி.பி.எம். குளோரினை மாத்திரையாகவே போட்டால், அதிலுள்ள, வெயிலில் குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் தினமும் 1.8 பி.பி.எம். ஏறும். தண்ணீர் மாற்றாவிட்டால் 60 நாள் சீசனில் 100-ஐத் தாண்டும். அதன் பிறகு கிட்டில் குளோரின் 3 காட்டும், கிருமியோ சாகாது. 30 முதல் 50 வரை இருந்தால் வெயிலுக்கு நல்லது. அதற்கு மேல் போனதை இறக்கப் பழைய தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர எளிய வழியில்லை. கால்சியம் ஹைப்போ போட்டால், ஏற்கெனவே கடினமான போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு படியும். மிச்சம் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட். 10 சதவீதம் என்றால் மேலே சொன்ன குளத்துக்கு நாளைக்கு 45 லிட்டர். வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும், வாரத்துக்கு ஒரு முறை வாங்குங்கள். பி.எச். ஏறும், அமிலம் கொண்டு இறக்குங்கள். இரண்டு கேனையும் ஒரே அறையில் வைக்கவே கூடாது, கலந்தால் விஷவாயு.

குழந்தை குளத்தில் மலம் கழித்துவிட்டால் முழுத் தண்ணீரையும் திறந்துவிடும் பழக்கம் உண்டு. அது தேவையில்லை. கட்டி மலம் என்றால் அள்ளிவிட்டு, ஆட்களை வெளியேற்றி, பி.எச். 7.5-க்குள் வைத்து, 2 பி.பி.எம். குளோரினில் அரை மணி நேரம் விட்டால் போதும். வயிற்றுப்போக்கு என்றால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி இருக்கலாம். அதற்கு 20 பி.பி.எம். குளோரினோடு 12 மணி 45 நிமிடம் பம்பு ஓட வேண்டும். சயனூரிக் அமிலம் 1 முதல் 15 பி.பி.எம். வரை இருந்தாலே இது 28 மணி நேரமாகிவிடும். சிறு குளமாக இருந்து அமிலம் அதற்கு மேல் ஏறிப்போயிருந்தால் தண்ணீரை மாற்றுவதே மேல்.

ஒரு குளத்தை மூடுவதென்றால்

மூட வேண்டி வந்தால் முதலில் லேசி ரிவர். ஆளுக்குக் கிடைக்கும் பரப்பைப் பார்த்தால் அது வீண். காற்றும் வெயிலும் நீளத்துக்கும் அடிக்கும். ஆனால் காலி செய்யாதீர்கள். வெயிலில் காய்ந்த தொட்டியில் டைல்ஸ் கழன்றுவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஐப்பசியில் வரும். அணை தாமதமாகத் திறந்தாலும் வடகிழக்குப் பருவமழை பத்து நாள் சேர்ந்து பெய்தால் டெல்டாவில் நிலத்தடி நீர் மளமளவென்று ஏறும். தொட்டித் தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் ஏறினாலே சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும்; 20 செ.மீ. கான்கிரீட் தரையின் எடை அரை டன்தான். காலித் தொட்டி படகாகத் தூக்கிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்காவது தண்ணீர் நிற்கட்டும். குளத்தை ஒட்டி, தொட்டித் தரை மட்டத்துக்குக் கீழே வரை ஓட்டை போட்ட நான்கு அங்குலக் குழாயை இறக்கி வைத்தால், நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று எப்போதும் பார்க்கலாம். அடிவடிகாலில் நிலத்தடி நீரைத் தொட்டிக்குள் விட்டு அழுத்தம் குறைக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வு இருந்தால் அடைப்பு எடுத்து வையுங்கள்.

நிற்கும் தண்ணீரில் கொசு வரும். தினமும் இரண்டு மணி நேரம் பம்பும் 1 பி.பி.எம். குளோரினும், அல்லது குளோரினை முழுதாக விட்டுவிட்டுக் கம்பூசியா மீன். இரண்டையும் சேர்த்தால் மீன் செத்து மிதக்கும்.

கடலோரம், லாரி, ஊர்

நாகை, பூம்புகார், வேதாரண்யம் பக்கம் போர் வற்றுவதற்கு முன்பே உப்பாகும். நல்ல தண்ணீர் மேலே, உப்பு நீர் கீழே. ஒரேயடியாக வேகமாக இறைத்தால் உப்பு நீர் போருக்கடியில் கூம்பாக எழும்பி வரும். 8 மணி நேரம் விடாமல் ஓட்டுவதற்குப் பதில் சிறிய மோட்டாரில் இரண்டு மணி ஓட்டி இரண்டு மணி ஆறவிடுங்கள். வாரம் ஒரு முறை டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு) குறித்து வையுங்கள், தொடர்ந்து இரண்டு வாரம் ஏறினால் இறைப்பைக் குறைத்தாக வேண்டும், ஒரு முறை உப்பான போர் லேசில் திரும்பாது. குளோரைடு ஏறினால் 304 ஸ்டீல் ஏணிகளும் துருப்பிடிக்கும். மாற்றும்போது 316 கேளுங்கள்.

ஆற்றிலோ வாய்க்காலிலோ மோட்டார் வைக்கக்கூடாது. வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுக்க நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் நிலையைப் பிர்கா (குறுவட்டம்) வாரியாக மதிப்பிடுகிறார்கள், உங்கள் பிர்கா எந்த வகையில் இருக்கிறது என்று முன்பே பாருங்கள். டேங்கர் லாரி வாங்கினால் எந்தப் போரிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பக்கத்துக் கிராமத்துப் போர் என்றால் உங்கள் கஷ்டத்தை அந்த ஊருக்கு மாற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான். இறக்கும் முன் டி.டி.எஸ்.-உம் இரும்பும் பாருங்கள். இரும்பு கலந்த தண்ணீரில் குளோரின் பட்டதும் குளம் செம்மண் நிறமாகிவிடும்.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மி.மீ. தண்ணீர் என்று வைத்தால் 48 லட்சம் லிட்டருக்கு மேல். அதோடு பார்த்தால் நம் குளம் சின்னதுதான். இந்த வாதத்தை ஊரில் சொல்லிப் பயனில்லை. குறுவை இல்லாமல் கிடக்கும் வயலுக்கு எதிரே அருவி கொட்டினால் யாருக்கும் பொறுக்காது. உங்கள் போர் இறைக்கும்போது பக்கத்துக் கைப்பம்பில் மட்டம் இறங்குகிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. பஞ்சாயத்து ஆளை வைத்துக்கொண்டே இரண்டு இடத்திலும் ஒரு நாள் அளந்துவிடுங்கள். இறங்கினால் அவர்கள் தண்ணீர் பிடிக்கும் காலை நேரத்தில் மோட்டாரை ஓட்டாதீர்கள்.

மழை தொடங்கியதும் கூரை நீரைப் பிடியுங்கள். 2,000 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 80,000 லிட்டர். முதல் மழையை ஓடவிட்டு, அடுத்ததிலிருந்து மூடிய சம்பில் சேருங்கள். திறந்த குட்டையில் சேர்த்தால் கோடைக்குள் ஆவியிலேயே பெரும்பகுதி போய்விடும். டி.டி.எஸ். ஏறிய குளத் தண்ணீரை நீர்க்கச் செய்ய இதைவிட நல்ல தண்ணீர் டெல்டாவில் கிடைக்காது. மூடி வைத்த குளத்தில் பழைய தண்ணீரை மாற்றுவதென்றாலும், முதலில் அந்த நான்கு அங்குலக் குழாயில் மட்டத்தைப் பாருங்கள். நிலத்தடி நீர் தொட்டித் தரைக்கு மேலே நின்றால் இறைக்க வேண்டாம். தை பிறந்து மட்டம் இறங்கட்டும்.